ஈரத் தரையில் ஒரு நாள்: கார் சறுக்கல் பயிற்சி வகுப்பு எப்படி இருந்தது?

கோவைக்கு வெளியே ஒரு பெரிய தார் மைதானத்தில் ‘கார் கன்ட்ரோல்’ வகுப்பு ஒன்று நடக்கிறது. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை. கட்டணம் 6,500 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. கார் அவர்களுடையது. விருப்பப்பட்டால் கடைசி ஒரு மணி நேரம் நம் காரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். நடத்துவது ஒரு சின்னக் குழு. பெயரைப் போட்டால் பாராட்டும் இடத்தில் விளம்பரம் என்பார்கள், குறை சொல்லும் இடத்தில் பழி தீர்க்கிறேன் என்பார்கள். அதனால் போடவில்லை. இந்த மாதிரி வகுப்பு வேறு எங்கே சேர்ந்தாலும் என்ன எதிர்பார்க்கலாம், என்ன கேட்டுக்கொண்டு பணம் கட்டலாம் என்பதற்கு இது உதவும்.

எனக்குப் பொள்ளாச்சியில் மளிகைக் கடை, அம்மா வீடு வால்பாறை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. போன கோடையில் முதல் மழை பெய்த ஒரு சாயங்காலம், அட்டகட்டிக்குக் கீழே இறங்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. நேராகத் தடுப்புச் சுவரைப் பார்த்துப் போனது. வேகம் முப்பது, முப்பத்தைந்துதான். சுவருக்குக் கொஞ்சம் முன்னால் எப்படியோ பிடிப்பு வந்து திரும்பிவிட்டது. மெக்கானிக் எல்லாம் பார்த்துவிட்டு, “வண்டியில ஒண்ணும் இல்லீங்கக்கா, ரோட்டுல டீசல் கிடந்திருக்கும்” என்றார். இருக்கலாம். வளைவில் லாரி டேங்கிலிருந்து டீசல் சிந்துவது மலைப்பாதையில் புதிதில்லை. பல மாதத் தூசியும் எண்ணெயும் படிந்த ரோட்டில் முதல் மழை விழுந்தால் அதுவே போதும் வழுக்குவதற்கு. ஆனால் வண்டி ஏன் போனது, அப்புறம் ஏன் திரும்பியது, இதற்குப் பதில் வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னதும் “ரேஸ் ஓட்டப் போறியா?” என்று கேட்டார்கள். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் ரேஸ் தடம் இருக்கிற ஊர், நரேன் கார்த்திகேயனின் ஊர், அப்படித்தான் கேட்பார்கள். வகுப்பில் ரேஸ் வாசனையே இல்லை. பெரும்பாலான பயிற்சி 30லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் முடிந்துவிட்டது. ரேஸ் கனவோடு வந்திருந்த இரண்டு பையன்களின் முகம் மதியத்துக்குள் வாடிவிட்டது.

முதல் அரை மணி நேரம் உட்காருவதற்கே போனது. கிளட்சை முழுக்க அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். இத்தனை வருடமாக நான் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரிதான் ஓட்டியிருக்கிறேன். வளைவில் உடம்பு சாயாமல் இருப்பதற்காக நாம் ஸ்டியரிங்கையே பிடித்துத் தொங்குகிறோம், அப்புறம் அதை எப்படி நிதானமாகத் திருப்புவது என்று பயிற்சியாளராக வந்த பையன் கேட்டது நியாயம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரேக் பயிற்சிதான். தண்ணீர் ஊற்றி நனைத்த தரையில் 50ல் போய், கோன் வந்ததும் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் முதல் முறை யாருமே முழுக்க மிதிக்கவில்லை. ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அடிக்கிறது. எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து காலை எடுத்துவிடுகிறோம். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற புதுக் கார் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதாவது நம்மில் நிறையப் பேர் காரில் இருக்கிற ஒன்றை ஒருமுறைகூட வேலை வாங்கிப் பார்க்காமலே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்து ஃபியூஸைப் பிடுங்கி ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு அதையே செய்து காட்டினார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் அதுபாட்டுக்கு நேராகப் போனது. சுழலாத முன்சக்கரத்தால் காரைத் திருப்ப முடியாது, ஏபிஎஸ் இருப்பதே பிரேக்கை மிதித்துக்கொண்டே திரும்ப வழி விடுவதற்குத்தான் என்பது அந்த ஒரு காட்சியில் விளங்கிவிட்டது.

30ல் நின்ற இடத்தில் ஒரு கோன், 60ல் நின்ற இடத்தில் ஒரு கோன். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்த பின் நிற்கும் தூரம் நான்கு மடங்கு என்பதைப் பள்ளியில் படித்ததுதான். மைதானத்தில் ஒரு கோனிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்ப் பார்க்கும்போது அது வேறு மாதிரி உறைக்கிறது. வளைவுக்கும் இதே கணக்கு. 30ல் எடுக்கிற வளைவை 40ல் எடுத்தால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு இழுப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வெறும் பத்துதானே கூட என்று தோன்றும்.

பயிற்சியாளர் ஒரு கணக்கு சொன்னார்: “அக்கா, டயர்கிட்ட இருக்கறது நூறு ரூபாய். எண்பதை பிரேக்குக்குக் குடுத்துட்டா, திரும்பறதுக்கு இருபதுதான் மிச்சம்.” கடைக்காரிக்கு இது உடனே பிடிபட்டது. கூட வந்த ஓர் இன்ஜினியரிங் மாணவர் விடவில்லை. அது கழித்தல் கணக்கு இல்லை, வட்டக் கணக்கு. எண்பதின் வர்க்கமும் அறுபதின் வர்க்கமும் சேர்ந்தால்தான் நூறின் வர்க்கம், அதனால் எண்பது போனாலும் திரும்புவதற்கு அறுபது மிச்சமிருக்கும் என்று தரையில் கோடு போட்டே காட்டினார். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எப்படியானாலும் நூறும் பிரேக்குக்கே போய்விட்டால் திரும்புவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே.

மதியம் தயிர் சாதம், ஊறுகாய், பொரியல். பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் நனைந்த வட்டம். நான் போனதே இதற்காகத்தான். வட்டத்தில் சுற்றிக்கொண்டே மெதுவாக வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டது. கார் வட்டத்தை விட்டு வெளியே நகர ஆரம்பித்தது. மலையில் அன்றைக்கு நடந்தது அப்படியே. கை தானாக என்ன செய்யும்? இன்னும் திருப்பும். நானும் திருப்பினேன், பயனில்லை. முன்டயர் ஓரளவு கோணம் வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் திருப்பத் திருப்ப அது பிடிக்காமல் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போகும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது, பிடிப்பு திரும்புகிறது, கார் திரும்புகிறது. வளைவில் சுவரைப் பார்த்துப் போகும்போது ஸ்டியரிங்கை நேராக்கு என்றால் மனசு கேட்குமா? கேட்காது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை பழகும். அன்றைக்கு வண்டி ஏன் திரும்பியது என்பதும் இப்போது புரிகிறது: பயத்தில் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கிறது, வழுக்கின இடமும் தாண்டியிருக்கிறது.

அவர்கள் பெருமையாக வைத்திருப்பது அடுத்தது, வால் சறுக்கல். பின்சக்கரங்களுக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுகிறார்கள். 20 கிலோமீட்டர் வேகத்திலேயே காரின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறது. பின்பக்கம் போகிற திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், பிடிப்பு வந்த உடனே ஸ்டியரிங்கைத் திரும்ப நேராக்க வேண்டும். நேராக்குவதில் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சு முதலாவதைவிட மோசம். எல்லோரும் கைதட்டி ரசித்த பகுதி இது. வீடியோ எடுத்தவர்கள்தான் அதிகம்.

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. மைதானத்தில் கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றால் சிரித்துக்கொண்டே அடுத்த முறைக்குப் போகலாம். வால்பாறை ரோட்டில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், எதிரே அரசுப் பேருந்து. வாலைத் திருத்தி எடுக்க அங்கே இடம் ஏது? இதற்குக் கொடுத்த நேரத்தில் பாதியை பிரேக்குக்கும் நனைந்த வட்டத்துக்கும் கொடுத்திருக்கலாம். வால் சறுக்கலில் எனக்கு உதவியது ஒன்றே ஒன்று, பார்வை. “அக்கா, கோனைப் பாக்காதீங்க, கோனுக்கு அந்தப் பக்கம் பாருங்க” என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார் அந்தப் பையன். கோனைப் பார்த்த ஒவ்வொரு முறையும் கோனைத்தான் இடித்தேன்.

இஎஸ்சி பற்றி நன்றாக விளக்கினார்கள். கார் நாம் திருப்பிய திசைக்கு வராமல் சறுக்கினால், அதுவே உணர்ந்து ஒரு தனிச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வழிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. 1997ல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. ரோட்டில் குறுக்கே காட்டு மான் வந்தால் விலகுவது போன்ற சோதனை. அதற்கு அப்புறம்தான் அந்தச் சின்னக் காரில் இஎஸ்சியை எல்லா மாடலிலும் சேர்த்தார்கள். பொத்தானை அழுத்தி நிறுத்தியும் போட்டும் ஒரே வளைவில் ஓட்டிக் காட்டியபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நம் ஊரில் 2023 அக்டோபரில் வந்த பாரத் என்கேப் என்கிற கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இஎஸ்சி வேண்டும். என் பழைய காரில் அது கிடையாது. அடுத்த கார் வாங்கும்போது சன்ரூஃபுக்கு முன்னால் இதைத்தான் கேட்பேன்.

இனி குறைகள். இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைதானம் சமதளம், அது புரிகிறது. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் ஊட்டி, வால்பாறை, ஏற்காடு போகிறவர்கள். 40 வளைவும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறி, கருகின வாசம் வரும், அப்புறம் மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது. இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும். “ஏறின கியர்லயே இறங்கு” என்று எங்கள் ஊர் டிரைவர்கள் பைசா வாங்காமல் சொல்லித்தருவார்கள். 6,500 ரூபாய் வாங்கியவர்கள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். குறுகலான மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டத்திலேயே இருக்கிறது; அதுவும் பேச்சில் வரவில்லை.

இரண்டாவது, டயர். கடைசி ஒரு மணி நேரம் சொந்தக் காரில் ஓட்டலாம் என்றார்களே, அதற்கு முன் ஒருவரும் வந்து எங்கள் டயரைக் குனிந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கார் கிட்டத்தட்ட மொட்டை டயரோடு ஈரத் தரையில் இறங்கியது. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் அதைக் காட்டுவதற்கென்றே சின்ன மேடு இருக்கும், மேல் ரப்பர் அதற்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணும் உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். காற்றழுத்தம் டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது எங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரர், வகுப்பு இல்லை.

அப்புறம், காரில் ஓட்டுபவரும் பயிற்சியாளரும் மட்டும்தான். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று ஏற்றினால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டவில்லை. கேட்டேன். காப்பீடு ஒத்துக்கொள்ளாதுங்க என்றார்கள். சரி, அதற்கு மேல் என்ன பேச.

வெயிலுக்கு ஒரே ஒரு ஷாமியானா. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. இதைக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். என்னோடு சேர்த்துப் பெண்கள் சிலரே என்றாலும் ‘உங்களுக்கு வராது’ என்கிற தொனி ஒரு இடத்திலும் இல்லை. செருப்போடு விடமாட்டார்கள், ஷூ கட்டாயம்.

யார் போகலாம்? லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச காலம் ஓட்டி, பயம் தெளிந்து அலட்சியம் தொடங்குகிற கட்டத்தில் இருப்பவர்கள் கண்டிப்பாக. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது சீக்கிரம். மகன் கார் வாங்கித்தரச் சொல்லி நச்சரிக்கிறான் என்றால் முதலில் இங்கே அனுப்பலாம். பிரேக் பயிற்சி ஒன்றுக்கே பாதிப் பணம் தகும். மலைப்பாதைக்கு மட்டும் என்று போகிறவர்கள், இறக்கம் பற்றி வேறு எங்காவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். முன்பதிவுக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தரையை நனைக்கிறார்களா, ஏபிஎஸ் இல்லாமலும் காட்டுகிறார்களா, ஒரு காருக்கு எத்தனை பேர். எங்களுக்கு ஒரு காருக்கு ஐந்து பேர் என்று போட்டுவிட்டதால் பாதி நேரம் ஷாமியானாவுக்குக் கீழேயே போய்விட்டது. மூன்று பேருக்கு மேல் என்றால் வேறு தேதி கேளுங்கள்.