கொழிஞ்சாம்பாறை பக்கம் ஹெர்னியா ஆபரேஷன்: ஒரு டெய்லரின் அனுபவம்

எனக்கு வலது பக்கம் ஹெர்னியா, அதாவது குடலிறக்க, ஆபரேஷன் நடந்தது 2014ல். இடது பக்கம் போன ஆவணியில். ஒரே உடம்பு, ஒரே வியாதி, இரண்டு ஆஸ்பத்திரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் 31 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 56.

முதலில் போன இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது போன இடத்தின் பெயரும் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்று டாக்டரே கேட்டுக்கொண்டார். சித்தூர் தாலூகாவில் 30 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி, ஒரே ஒரு சர்ஜன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

இடது தொடை மடிப்பில் இருமினால் எலுமிச்சம்பழம் அளவு புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். வலி கிடையாது. ஒரு தடவை பட்டவன் என்பதால் பார்த்ததுமே குடலிறக்கம் என்று தெரிந்துவிட்டது. பயந்துபோய் உடனே ஆபரேஷன் தேதி கேட்கத்தான் போனேன். டாக்டர் நிற்க வைத்தார், இரும வைத்தார், படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார். "அண்ணா, இப்போது அவசரம் இல்லை. வலி வந்தால் செய்துகொள்ளலாம்" என்றார். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பும் சர்ஜனை நான் அதுவரை பார்த்ததில்லை.

காரணமும் சொன்னார். அமெரிக்காவில் 720 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பிரிவைக் கவனித்துக்கொண்டு மட்டும் இருப்பது என்று ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். முடிவு 2006ல் வந்தது. காத்திருந்தவர்களில் 1,000 பேரை ஒரு வருஷம் பார்த்தால் 2 பேருக்குக்கூட குடல் சிக்கிக்கொள்ளவில்லை. ஆனால் 2 வருஷத்துக்குள் ஏறத்தாழ நாலில் ஒருவர் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பத்து வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர். "அதனால் நீங்களும் ஒரு நாள் வருவீர்கள். நீங்கள் முடிவு செய்து வாருங்கள், பயந்து வராதீர்கள்" என்றார். புடைப்பு கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் நடுராத்திரி ஆனாலும் ஓடி வர வேண்டும் என்று என் வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை சொல்லி, அவள் திருப்பிச் சொன்ன பிறகுதான் எங்களை விட்டார்.

14 மாதம் ஓட்டினேன். பள்ளி திறக்கும் சமயம் யூனிபார்ம் துணிக்கட்டு தூக்கும்போது சுளீரென்று இழுத்தது. போனேன்.

வீட்டில் எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி ஆசை, சின்னத் துளை போட்டு கேமரா வழியாகச் செய்வது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் ரோபோ ஆபரேஷன் விளம்பரத்தை போனில் அனுப்பினான். டாக்டர் அதைக் குறை சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால், அல்லது திறந்து செய்த இடத்திலேயே மறுபடி வந்தால், துளை போட்டுச் செய்வது நல்லது என்றார். எனக்கு இந்தப் பக்கம் முதல் தடவை, தவிர வீசிங் தொந்தரவு உண்டு. முழு மயக்கம் இல்லாமல் முதுகு ஊசியில் திறந்து செய்வதே எனக்குப் பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. ரோபோவைப் பற்றி, 2020ல் 102 பேரை வைத்து லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வைச் சொன்னார். சாதாரண ஹெர்னியாவுக்கு நோயாளிக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை, செலவும் நேரமும் கூடியது. மகன் அதைத் தானே தேடிப் படித்துவிட்டு, சரி அப்பா, இங்கேயே செய்துகொள்ளுங்கள் என்றான்.

இந்த ஆபரேஷன் என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேன்ட் முட்டியில் கிழிந்தால் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். துணி சுருங்கும், உட்காரும்போது தையலின் இரு பக்கமும் இழுபட்டு மறுபடி விட்டுப்போகும். அடியில் ஒட்டு வைத்துத் தைத்தால் இழுப்பே இருக்காது. இத்தாலியில் பாசினி என்ற சர்ஜன் 1880களில் கண்டுபிடித்தது முதல் வகை. நூறு வருஷம் உலகம் முழுக்க அதையும் அதன் மாறுதல்களையும்தான் செய்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் லிச்சென்ஸ்டைன் என்பவர் வலை வைத்து இழுப்பில்லாமல் மூடும் முறையை 1989ல் எழுதினார். இன்றைக்குத் திறந்து செய்கிற இடங்களில் பெரும்பாலும் அதுதான்.

அந்த வலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வெட்டியது போக மீந்த துண்டை மறுநாள் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். இரண்டு விரல் அகலம் இருக்கும். கடைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெய்த துணி என்று நினைத்திருந்தேன், இல்லை, பின்னல். தூண்டில் நரம்பு மாதிரி ஒற்றை இழை, கண்ணி கண்ணியாகக் கோத்திருந்தது. கத்தரித்த ஓரத்தை நகத்தால் சுரண்டினேன், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நெய்த துணியாக இருந்தால் ஓரம் அடிக்காமல் விட முடியாது. நாலு பக்கமும் இழுத்தால் கொஞ்சம் கொடுத்து மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. பாலிப்ரோப்பிலீன், சிமென்ட் சாக்கு செய்கிற அதே பிளாஸ்டிக் இனம். அந்தக் கண்ணிகளுக்குள் நம் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், அதற்குத்தான் ஓட்டை இவ்வளவு பெரியது என்றார் டாக்டர்.

விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. மகாராஷ்டிராவில் தோண்டாய்ச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் டோங்காவ்கர் என்ற சர்ஜன், ஏழைகளுக்குக் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்து வைத்துப் பார்த்து, மற்ற சர்ஜன்களோடு சேர்ந்து 2003ல் கட்டுரையாக எழுதியிருக்கிறார். அப்புறம் உகாண்டாவில் 302 ஆண்களுக்குப் பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி, பாதிப் பேருக்குக் கம்பெனி வலை என்று முறையாகச் சோதித்து 2016ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் மறுபடி ஹெர்னியா வந்தது கொசுவலைப் பிரிவில் ஒரே ஒருவருக்கு, கம்பெனி வலைப் பிரிவில் யாருக்கும் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. வேலந்தாவளம் சந்தையில் மூட்டை தூக்குகிற எத்தனை பேர் லங்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக இதைச் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் அளவுக்கு இடுப்புப் பட்டை தைத்துக் கொடுத்தவனே நான்தான்.

சரி, ஆபரேஷன் நாள். 2014ல் முதல் நாள் ராத்திரியே பிளேடு வைத்து முடி மழித்தார்கள். தோல் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டு. பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் புண் சீழ் பிடித்தது. ஆறு வாரம் தினம் டிரெஸ்ஸிங், ஓணம் சீசன் முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது. யாரும் ஏன் என்று சொல்லவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கும் என்றார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது.

இந்தத் தடவை பிளேடே இல்லை. தியேட்டருக்குப் போகும் முன் கிளிப்பர் மிஷினால் ஒட்ட வெட்டினார்கள், அவ்வளவுதான். பிளேடு கீறிய இடத்தில் கிருமி குடியேறும், உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே மழிக்க வேண்டாம் என்று இருக்கிறது என்றார் சிஸ்டர். ஆன்டிபயாடிக்கும் கத்தி வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு ஊசி. முடிந்த பிறகு ஒரு மாத்திரைகூட இல்லை. என் தம்பிக்கு அது பொறுக்கவில்லை, மருந்து எழுதச் சொல்லி வாதாடினான். இப்படி எல்லோருக்கும் பத்து நாள் எழுதி எழுதித்தான் இன்றைக்கு உண்மையில் சீழ் பிடித்தவனுக்கு எந்த மருந்தும் கேட்காமல் போகிறது என்று டாக்டர் அவனிடம் பொறுமையாகச் சொன்னார். புண் காய்ந்துவிட்டது. ஒரு சொட்டு நீர் இல்லை.

தியேட்டருக்குள் நான் விழித்துத்தான் இருந்தேன். இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணித் திரை. இடது பக்கம் தோலில் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். நாங்கள் சாக்கால் கோடு போடாமல் கத்தரி வைக்க மாட்டோம், அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. கத்தி வைக்கும் முன் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். சிஸ்டர் ஓர் அட்டையைப் பார்த்து உரக்கப் படித்தார். என் பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்த பிறகே அடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த பட்டியல் அது, மொத்தம் 19 விஷயம். டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது ஆபரேஷனுக்குப் பின் சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. காசு செலவில்லாத அட்டை.

தைத்து மூடும் முன் சிஸ்டர் ரத்தம் ஒற்றும் காஸ் துணிகளை எண்ணினார். ஒந்நு, ரண்டு, மூந்நு என்று மலையாளத்தில். ஒன்பதில் நின்றது. மறுபடி எண்ணினார். ஒன்பது. எடுத்து வைத்தது பத்து என்று சுவரில் தொங்கிய பலகையில் எழுதியிருந்தது. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். யாரும் யாரையும் திட்டவில்லை. வாளியைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், புண்ணுக்குள்ளும் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை வறண்டது. நாலைந்து நிமிஷம் இருக்கும். என் தொடைக்கு மேல் விரித்திருந்த துணியின் மடிப்பில் நனைந்து சுருண்டு ஒட்டியிருந்தது. சிஸ்டர் "பத்து" என்றார். அப்புறம்தான் தையல் தொடங்கியது. புதுச் சட்டையை மடித்துக் கொடுக்கும்போது குண்டூசியை எண்ணாமல் நானும் கொடுத்ததில்லை. மறந்த ஊசி யார் கழுத்தில் ஏறும் என்று நமக்குத் தெரியாது. அந்த "பத்து" என்ற ஒரு சொல்லுக்காகவே இந்த ஆஸ்பத்திரியை யாருக்கும் சொல்வேன்.

குறைகளையும் எழுத வேண்டும். மயக்க டாக்டர் வெளியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். செவ்வாய்க்கிழமை என்னைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். அவருக்கு வேறு இடத்தில் அவசரப் பிரசவ ஆபரேஷன், வர முடியவில்லை. மத்தியானம் 2 மணி ஆனதும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் ராத்திரி 10 மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நான். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்றுதான் மயக்க மருந்து வழிகாட்டிகளே சொல்கின்றன. மற்றதில் இவ்வளவு படித்து நடக்கிற இடம் இதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க இங்கிலீஷ். தமிழும் மலையாளமும் பேசுகிற ஊரில் என்ன தூக்கலாம், எப்போது குளிக்கலாம் என்று இரண்டு மொழியிலும் ஒரு தாள் அச்சடிப்பது பெரிய காரியமா? வார்டு கக்கூஸுக்கு ஒரு படி ஏற வேண்டும். ஹெர்னியா ஆபரேஷன் ஆனவனுக்கு அந்த ஒரு படி மலை மாதிரி.

செலவு எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். என் கேரள காருண்யா கார்டு (அரசு மருத்துவக் காப்பீடு) அங்கே செல்லாது, திட்டத்தின் பட்டியலில் அந்த ஆஸ்பத்திரி இல்லை. கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியை விசாரித்துவிடுங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம்.

நீண்ட நாள் வலி பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் மூன்று நரம்பு ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பத்தில் ஒருவருக்குப் பல மாதம் வலி தங்கலாம் என்று. எனக்கு வலி இல்லை. தையலுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது. மிஷின் மிதிக்கும்போது துணி உரசுவது தெரியாது. இருக்கட்டும்.

ஏழாம் நாள் சிஸ்டர் போன் செய்தார். முப்பதாம் நாளும் செய்தார். "சேட்டா, நீர் வடியுதா, காய்ச்சல் உண்டா, வலி பத்துக்கு எத்தனை?" காட்டப் போனபோது இதையெல்லாம் எழுதி வைக்கும் நோட்டைப் பார்த்தேன். நீள லெட்ஜர், கோடு போட்டு, ஒவ்வொரு ஹெர்னியாவுக்கும் ஒரு வரி. பக்கம், வலை, சீழ் உண்டா, திரும்பி வந்ததா. சில கட்டங்களில் சிவப்பு மை. சீழ் பிடித்தவர்கள் அவை என்று டாக்டரே காட்டினார், மறைக்கவில்லை. இந்தியா உட்பட 7 நாடுகளில் 81 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 13,301 பேரை இப்படி எண்ணித்தான், வயிற்று ஆபரேஷனில் மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் சீழ் பிடிப்பது 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறையும் என்று 2022ல் கண்டுபிடித்தார்கள் என்றார். அதைப் படித்த நாளிலிருந்து தன் தியேட்டரிலும் வயிற்றைத் திறக்கும் கேஸ்களில் மாற்றுகிறாராம். 2014ல் எனக்குச் சீழ் பிடித்தது எந்த நோட்டிலும் ஏறியிருக்காது. ஆறு வாரம் நான் பட்டது யாருக்கும் ஒரு எண்ணாகக்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

போகிறவர்களுக்கு: சர்ஜன் ஓபி காலை 9 மணிக்கு, டோக்கன் ஏழரைக்கே தீர்ந்துவிடும். பழைய ஆபரேஷன் சீட்டு இருந்தால் கொண்டு போங்கள், அவர் கட்டாயம் கேட்பார். துணைக்கு ஒருவர் வேண்டும், அந்தக் கக்கூஸ் படிக்காகவாவது. எனக்குத் தொண்ணூறாம் நாள் போன் அடுத்த வாரம் வரவேண்டும்.