எங்கள் ஈகோ வண்டிக்கு வைத்த 12 வோல்ட் ஷவர் பம்ப்

நானும் மனைவியும் மாதம் ஒருமுறையாவது எங்கள் மாருதி ஈகோ வேனை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவோம். அங்கே குளிப்பதற்கு, முதலில் வண்டிக் கூரையில் டிரம் வைத்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுகிற மாதிரிதான் யோசித்தேன். ஆனால் 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. கொண்டை ஊசி வளைவில் அந்த எடை மேலே இருக்கக் கூடாது. அதனால் கேன் உள்ளே, தரையோடு. கூடவே நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளும் டயாப்ரம் பம்ப் (உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை).

பம்ப் அருமை. குழாயை மூடினால் தானாக நின்றுவிடுகிறது. அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் கை ஷவர் மாட்டியதில் ஒரு குளியல் 8 லிட்டரில் முடிகிறது. வால்பாறையில் இரண்டு நாள், இரண்டு பேர், ஒரே கேன்!

சத்தம்தான் குறை. பலகையில் நேரடியாகத் திருகியபோது வண்டியே அதிர்ந்தது. அடியில் ரப்பர் வைத்து, இரு பக்கமும் ஒரு முழம் வளையும் ஹோஸ் விட்ட பிறகுதான் அடங்கியது.

பம்புக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம் போடுங்கள். பெட்டியில் அது வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். கேனில் கிடந்த பிளாஸ்டிக் சீவல் ஒன்று வால்வில் சிக்கி, மனைவி சோப்போடு குளிரில் நின்றார். எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

அப்புறம், சோப்புத் தண்ணீரைத் தனிக் கேனில் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். ஓடைப் பக்கம் விடுவதே இல்லை.