இரட்டை ரோட்டாரா, ஒற்றை ரோட்டாரா: மலிவு விலை ரிமோட் ஹெலிகாப்டரில் எதை வாங்கலாம்?

மலிவான ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், பெட்டிகளின் மேல் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டே ரகம்தான். ஒன்று, ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டார் (சுற்றும் இறக்கைத் தொகுதி) எதிரெதிர்த் திசையில் சுற்றும் மூன்று சேனல் ரகம் (சேனல் என்பது ரிமோட்டால் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் அசைவு). சைமா எஸ்107ஜி இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இன்னொன்று, நிஜ ஹெலிகாப்டர் மாதிரி மேலே ஒரே ரோட்டார், வாலில் பக்கவாட்டில் ஒரு குட்டி விசிறி என்று வரும் நான்கு சேனல் ரகம். டபிள்யூஎல் டாய்ஸ் வி911 போல. நான் வாங்கியது முதல் ரகம். இன்றைக்கு மறுபடி வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

வெறுமனே ஏதாவது பறந்தால் போதும் என்பவர்கள் நான்கு விசிறி வைத்த சின்ன ட்ரோனை வாங்கிக்கொள்ளலாம், அது இரண்டையும்விட எளிது. ஹெலிகாப்டர்தான் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதி.

பறக்கும் விதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். இரட்டை ரோட்டாரில் ஒன்றின் திருகலை மற்றொன்று அடித்துவிடுகிறது, இடம் வலம் திரும்ப ஒன்றின் வேகத்தைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்தால் போதும். த்ராட்டிலை, அதாவது ரோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை, மட்டும் நிதானமாகப் பிடித்திருந்தால் பெரிதாக அலையாமல் அந்தரத்தில் நிற்கும். பக்கவாட்டில் மட்டும் நகராது. ஒற்றை ரோட்டார் பக்கவாட்டிலும் போகும், வேகமாகவும் போகும், பறக்கும் அழகே தனி. ஆனால் இரண்டு கையும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ரிமோட்டிலும் ஒரு வித்தியாசம்: மூன்று சேனல் ரகத்தில் நிறைய மாடல்கள் டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை, வெயிலில் சிக்னல் கிடைக்காது, வீட்டுக்குள்தான். நான்கு சேனல் ரகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, வெயில் ஒரு பொருட்டே இல்லை. வெளியே பறக்கவிடுவதுதான் உங்கள் ஆசை என்றால் விஷயம் இங்கேயே முடிந்தது, இரண்டாவதை வாங்குங்கள். என்ன, இரண்டுமே 40 கிராம்கூட வராத பொருள், லேசான காற்றுக்கே தள்ளிக்கொண்டு போகும்.

சரி, நான் அழுத்திச் சொல்ல வந்தது பராமரிப்பு பற்றி. இந்த விலையில் வரும் ஹெலிகாப்டர் எதுவானாலும் விழும். சுவரில் முட்டும், கட்டிலுக்கு அடியில் போய்ச் சுற்றும், மின்விசிறியில் அடிபடும். விழுந்த பிறகு என்ன ஆகிறது, அதை நம் கையாலேயே சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் அது இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் போகுமா, வருடக்கணக்கில் பறக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதிலும் முதலில் பார்க்க வேண்டியது வால் மோட்டார். இரண்டு ரகத்திலும் அது ஒரு குட்டி பிரஷ் மோட்டார்தான், ஓட ஓட உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ் தேய்ந்துகொண்டே வரும். ஆனால் ஒற்றை ரோட்டாரில் உடல் சுற்றாமல் பிடித்து நிறுத்துவதே அந்த மோட்டார் என்பதால், தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அதற்கு ஓய்வே கிடையாது. அது தளர்ந்தால் மொத்த ஹெலிகாப்டரும் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும், அப்புறம் மாற்றும்வரை பறக்கவே முடியாது. இரட்டை ரோட்டாரில் வால் விசிறி படுத்தவாக்கில் இருக்கும். வாலைத் தூக்கி மூக்கைத் தாழ்த்தி முன்னே நகர்த்துவது, பின்னே இழுப்பது, அவ்வளவுதான் வேலை. நீங்கள் முன்னேயோ பின்னேயோ தள்ளும்போது மட்டும்தான் ஓடும். அது செத்தே போனாலும் மேலே ஏறலாம், இறங்கலாம், திரும்பலாம். என்னுடையதில் வால் மோட்டார் நின்ற பிறகும் புதியது வரும்வரை அப்படியேதான் பறக்கவிட்டேன்.

இறக்கைகளும் அப்படித்தான். இரட்டை ரோட்டாரில் நான்கு இறக்கைகளும் தனித்தனி, ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடும். மேல் இறக்கையில் ஏ என்றும் கீழ் இறக்கையில் பி என்றும் குறித்திருப்பார்கள், மாற்றி மாட்டினால் மேலே தூக்காது. ஸ்க்ரூவை இறுக்கி முறுக்க வேண்டாம். ஹெலிகாப்டரைச் சாய்த்தால் இறக்கை தன் எடையிலேயே மடங்கித் தொங்கும் அளவுக்குத் தளர்வாக இருந்தால், எதிலாவது மோதும்போது உடையாமல் மடங்கிக்கொள்ளும். மாற்றும்போது எதிர் இறக்கையையும் சேர்த்து மாற்றுங்கள், எடை வித்தியாசம் வந்தால் அதிரும். ஒற்றை ரோட்டாரில் பல மாடல்களில் இரண்டு இறக்கையும் ஒரே வார்ப்பாக வரும், ஒரு முனை உடைந்தாலும் முழுதாக மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை. ரோட்டாரைச் சாய்க்கும் சர்வோ என்ற குட்டி மோட்டார் அமைப்பு போனால்தான் கஷ்டம். நண்பருடைய ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டரை ஒரு ஹாலில் கொஞ்ச நேரம் பறக்கவிட்டதும், சர்வோ மாற்றும்போது பக்கத்தில் இருந்ததும்தான் எனக்கு உள்ள பழக்கம். ஆனால் மயிரிழை போன்ற வயர்களோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, இது பொறுமைசாலிகளுக்கான வேலை என்றுதான் தோன்றியது.

பேட்டரியில் மட்டும் ஒற்றை ரோட்டார் தெளிவாக ஜெயிக்கிறது. அதில் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம், கையில் இரண்டு மூன்று இருந்தால் தொடர்ந்து பறக்கலாம். இரட்டை ரோட்டாரில் பெரும்பாலும் உடலுக்குள் மூடியே இருக்கும், பல மாடல்களில் சால்டர் வைத்துத்தான் மாற்ற வேண்டும். ஏழெட்டு நிமிடம் பறந்தால் முக்கால் மணி நேரம் சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டும். இறங்கியதும் சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், பலம் குறைவது தெரிந்ததும் இறக்கிவிடுங்கள், வெகுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். லித்தியம் பாலிமர் செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதற்குப் பழைய தெம்பு வராது. உப்பிய பேட்டரியை எந்த ரகத்திலும் உபயோகிக்க வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு, பாகங்களைக் காப்பாற்றுவதே அதுதான்: மோதப் போகிறது என்று தெரிந்த நொடியிலேயே த்ராட்டிலைச் சுத்தமாகக் குறைத்துவிடுவது. சுற்றிக்கொண்டே முட்டினால் பல்சக்கரம் தேயும், தண்டு வளையும், மோட்டார் சூடாகும். சுற்றாமல் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம் அவ்வப்போது தண்டைச் சுற்றித் தலைமுடி, நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், தரைக்குப் பக்கத்திலேயே பறப்பவை இதையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

எந்த ரகமானாலும் பெயர் தெரியாத மாடலை வாங்காதீர்கள். மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் இறக்கை, தண்டு, பல்சக்கரம், வால் மோட்டார் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜைரோ (உடல் திரும்புவதை உணர்ந்து தானாகவே சரிசெய்ய உதவும் சென்சார்) இருப்பது நல்லது, இல்லாவிட்டால் மூக்கு நேராக நிற்காது. இரட்டை ரோட்டார் வாங்கினால் கூடவே ஒரு செட் இறக்கை, மேல் ரோட்டாரையும் அதற்கு மேலே இரு முனையிலும் எடை வைத்துச் சுற்றும் சமநிலைத் தண்டையும் இணைக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கொக்கிகள், ஒரு வால் விசிறி, ஒரு நுண்ணிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒற்றை ரோட்டாருக்குப் போகிறவர்கள் வால் குழாயோடு சேர்ந்த ஒரு மோட்டாரையும் இரண்டு பேட்டரியையும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.