தண்ணீர்மலைக்கு எந்த லென்ஸ்: மேனுவல் ஃபோகஸா, ஆட்டோ ஃபோகஸா?

பினாங்கில், தண்ணீர்மலை முருகன் கோயில் உட்பட, கோயில் விழாக்களைப் படமெடுக்கச் சில ஆண்டுகளாக இரண்டு லென்ஸுகளைப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று நிக்கார் 28 மி.மீ. எஃப்/2.8 ஏஐ-எஸ் என்னும், கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ். மற்றொன்று தானாகவே ஃபோகஸ் செய்யும் 85 மி.மீ. எஃப்/1.8 ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ். பழைய லென்ஸின் எஃப் மவுண்டுக்கு (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் பகுதி) சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. இடைவெளி தேவை, என் மிரர்லெஸ் கேமராவின் இசட் மவுண்டுக்கு 16 மி.மீ. போதும் என்பதால், மீதியை ஓர் அடாப்டர் ஈடுகட்டிவிடுகிறது. அந்த லென்ஸின் குவியத்தூரத்தை (28 மி.மீ.) கேமராவின் மெனுவில் பதிந்தால்தான் அதிர்வுக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்யும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இவற்றில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், படமெடுக்கப்படுபவர் எங்கே நிற்பார் என்பது முன்கூட்டியே தெரியுமா என்றுதான் நான் கேட்பேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரதம் வரும் வழியில் சிதறுதேங்காய் உடைக்கும்போது அது தெரியும். 28 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/8க்குச் சுருக்கி, ஃபோகஸ் வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆட்டோ ஃபோகஸோ பறக்கும் சில்லையும் சாம்பிராணிப் புகையையும் மாறி மாறித் துரத்தும். அது முடிவெடுப்பதற்குள் தேங்காய் உடைந்துவிடும். விடியலில் மட்டும் எஃப்/8க்கு வெளிச்சம் போதாது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றி, படத்தில் தெரியும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர்மலைப் படிகளில் ஆடிவரும் காவடிகளின் கதை வேறு. இரண்டு மீட்டர் தூரத்தில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். நாம் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள், கண்ணில் இருந்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வசதியும் இவ்வளவு மெல்லிய ஆழத்தில் நம்பத் தக்கதன்று. கண்ணைக் கண்டறியும் ஆட்டோ ஃபோகஸ் இங்கே பெரும்பாலும் கைகொடுக்கிறது. மயிலிறகோ கன்னத்தில் குத்திய வேலோ முகத்தை மறைத்தால் அதுவும் தடுமாறும். அப்போது ஒற்றைப் புள்ளியில் மட்டும் ஃபோகஸ் செய்யும் முறைக்கு மாற்றிக்கொள்வேன். இந்த லென்ஸில் தூர அளவுகோல் கிடையாது. வளையமும் மின்சமிக்ஞை வழியாகவே இயங்குவதால், மேனுவல் முறைக்கு இதை நம்பி வாங்குவதில் பயனில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டுக்கும் பூஞ்சை ஒரே பகைதான். டிரை கேபினெட்டில் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைப்பது நல்லது. ஆயினும் பழைய லென்ஸைப் பிரித்துத் துடைத்து, கிரீஸ் மாற்றி மீட்க வழியுண்டு. மோட்டார் பழுதான லென்ஸில் செலவு பெரும்பாலும் எகிறிவிடும். மேனுவல் லென்ஸைப் பழையதாக வாங்குவோர், கைப்பேசி விளக்கைப் பின்புறமிருந்து அடித்து, கண்ணாடிக்குள் நூல்போல் படர்ந்த பூஞ்சையும் துளை இதழ்களில் எண்ணெய்க் கசிவும் இல்லை என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.