ஏற்றி இறக்கும் மேசை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2020 ஏப்ரலில் சர்க்யூட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் வந்தபோது எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சாப்பாட்டு மேசையே என் அலுவலகமானது. சிங்கப்பூரில் அலுவலக எர்கோனாமிக்ஸுக்கென்று, அதாவது மேசை, நாற்காலி, திரையை உடலுக்கேற்ப அமைப்பதற்கென்று, எஸ்எஸ் 514 என்ற தர வழிகாட்டி உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்து அளந்து பார்க்க ஆளில்லை. கழுத்துவலிதான் வந்தது. அதன் பிறகு வாங்கியதுதான் மோட்டாரில் ஏறி இறங்கும் இந்த மின்மேசை.

என் உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். கடைகளில் கிடைக்கும் சாதாரண மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 செ.மீ. உயரம். அதில் தட்டச்சு செய்தால் தோள்கள் தானாக மேலே ஏறிக்கொள்ளும். நாற்காலியை உயர்த்தினாலோ பாதம் தரையில் பதியாது, தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகும். மின்மேசை வாங்குவோர் எவ்வளவு உயரும் என்றே கேட்கிறார்கள். குட்டையானவர்கள் எவ்வளவு இறங்கும் என்று கேட்க வேண்டும். மேசைக் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள்; இரண்டு குழாய் கொண்ட இரண்டடுக்குக் கால்கள் பெரும்பாலும் 70 செ.மீ. அருகிலேயே நின்றுவிடும், மூன்றடுக்குக் கால்கள் 60 செ.மீ. பக்கம் வரை போகும். விலை கூடத்தான் செய்யும். இன்னொன்று, சில விளம்பரங்களில் சொல்லும் அளவு காலுக்கு மட்டும்தான். மேற்பலகையின் தடிமனையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதிந்து வைத்த உயரத்துக்கு மேசையைக் கொண்டுபோகும் நினைவுப் பொத்தான் வேண்டுமா என்று முதலில் யோசித்தேன். இப்போது முதல் பொத்தான் எனக்கு, இரண்டாவது என் கணவருக்கு. அவர் ஆறடி. பொத்தான் இல்லையென்றால் தினமும் சண்டைதான்.

நின்று வேலை செய்வதைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிறார்கள். நாள் முழுக்க நின்றால் குதிகால் வலிக்கிறது, அவ்வளவுதான். நான் தொலைபேசி அழைப்புகளுக்கு மட்டும் எழுந்து நிற்பேன். உட்காரும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருப்பதும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருப்பதும்தான் எனக்கு உண்மையான மாற்றத்தைத் தந்தன.

நாற்காலி தனிக் கதை. முதலில் வாங்கியதன் செயற்கைத் தோல் நம் ஊர் ஈரப்பதத்தில் உரிந்து, கறுப்புத் துகள்கள் சேலையெல்லாம் ஒட்டின. வலைத்துணி முதுகுள்ளது தாங்குகிறது, வியர்ப்பதும் குறைவு. உட்காரும் பகுதியின் ஆழத்தையும் பாருங்கள்: முழங்காலின் பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும்.

குறை என்றால், நன்றாக உயர்த்தினால் மேசை லேசாக ஆடுகிறது. என் உயரத்துக்கு அது தெரிவதில்லை, கணவருக்குத் தெரிகிறது. மோட்டார் இதுவரை தொல்லை தரவில்லை. இவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் மடிக்கணினித் தாங்கி, தனி விசைப்பலகை, ஒரு பாதப்பலகை, இந்த வரிசையில் வாங்குங்கள்.