நோனிச் சாறும் என் தைராய்டும்

2021 மார்ச்சில், நோனி என்ற பழத்தின் சாற்றைக் குடிக்க ஆரம்பித்து 2022 டிசம்பரில் நிறுத்தினேன். அதற்கு நான்கு வருடம் முன்பே எனக்குத் தைராய்டு குறைவு என்று தெரியும். குறையும் தைராய்டு ஹார்மோனை ஈடுகட்ட, தினமும் 75 மைக்ரோகிராம் லெவோதைராக்ஸின் மாத்திரை. தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்ஹெச் அளவு 3.4. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எத்தன நாளைக்குத்தான் மாத்திரய முழுங்குவ? இதக் குடிச்சுப் பாரு" என்று சித்திதான் முதல் பாட்டிலைக் கொடுத்தார். அன்போடு கொடுத்தது, மறுக்க மனம் வரவில்லை. காலையிலும் மாலையிலும் 30 மில்லி, தண்ணீரில் கலந்து. பழுத்த நோனியின் வாடை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புளித்த பாலாடைக் கட்டி மாதிரி இருக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

ஜூன் மாதம் மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நோனி வேலை செய்கிறது என்று முழுதாக நம்பினேன், இரண்டு தோழிகளிடம் சொல்லவும் செய்தேன். நான்காவது வாரம் காலையில் எழ முடியவில்லை. கை கால் கனத்தது, மலச்சிக்கல், சீப்பு நிறைய முடி. ஏழாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 21.

டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். மாத்திரையை நிறுத்தினாலும் ரத்தத்தில் இருக்கும் தைராக்ஸின் ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகுமாம். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது: அந்த இரண்டு வாரத் தெம்பு பழைய மாத்திரையினுடையது. அதை நான் நோனியின் கணக்கில் எழுதிவிட்டேன். தோழிகள் இருவரையும் அன்று மாலையே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

மாத்திரைக்குத் திரும்பினேன். எட்டு வாரத்தில் 4.8, அடுத்த பரிசோதனையில் 2.9. சாற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளிக் குடித்தேன். பாட்டில் 600 ரூபாய்க்கு மேல். ஒரு வருடத்துக்கு மேல் குடித்தும் மாத்திரை அளவு 75-லிருந்து குறையவே இல்லை. நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்ஹெச் 2.7. குடித்தபோதும் குடிக்காதபோதும் ஒரே நிலைதான்.

பாட்டிலில் 'பாரம்பரிய மருந்து' என்று போட்டிருந்தது. நோனிக்கு பாலினீசியத் தீவுகளில் பழைய வரலாறு உண்டு. நம் ஊர் மஞ்சணத்தியும் அதன் குடும்பத்து மரம்தான், நுணா என்றும் சொல்வோம். அதன் இலையைக் குழந்தைகளுக்கு மாந்தத்துக்கும் புண்ணுக்கும் ஆச்சி பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். கறுத்துப் பழுத்த பழத்தை நாங்கள் பொறுக்கித் தின்றிருக்கிறோம். கழுத்து வீக்கத்துக்கோ அசதிக்கோ அதை ஆச்சி ஒருநாளும் கொடுத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு. என்னைப் பார்த்து அவரும் குடிக்க ஆசைப்பட்டார். நோனியில் பொட்டாசியம் அதிகம், அவர் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். நல்லவேளையாக முன்பே கேட்டோம்.

இப்போது விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, வெறும் தண்ணீர். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காபி. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இரவுக்கு மாற்றிவிட்டேன். சித்தியிடமும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அடுத்த வாரமே அவரும் தைராய்டு பரிசோதனைக்குப் போனார்.