38 வயதில் கைத்தொழில்: வெல்டிங்கா, வயரிங்கா, ஏசியா?

பதினான்கு வருடம் கணக்கு எழுதியாயிற்று, இனி முடியாது என்றதும் வீட்டில் முதலில் சொன்னது ஆட்டோ வாங்கி ஓட்டு என்பதுதான். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தெரிந்த மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கையாளாகப் போய்ப் பார்த்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிளம்பிங்கை விட்டுவிட்டேன், தப்பான தொழில் என்பதால் அல்ல, எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஐடிஐ கதை. அரசு ஐடிஐ-யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. வெல்டர் ஒரு வருடம், எலக்ட்ரீஷியனும் ஏசி மெக்கானிக்கும் இரண்டு வருடம். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பதினெட்டு வயதுப் பையனுக்கு அருமையான ஏற்பாடு. என் மகளின் பள்ளி வேனுக்கே அந்த 750 காணாது, பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தால் சோறு யார் போடுவது? ஆகவே எனக்கு ஒரே கேள்விதான்: முதல் வருடத்தில் எது கையில் கொஞ்சமாவது காசு காட்டும்?

வெல்டிங்கில் அடிப்படை சீக்கிரம் பிடிபடும். கேட், கிரில் பட்டறையில் ஆறு மாதம் நின்றால் ராடு பிடிக்க வந்துவிடும் என்றார் பட்டறைக்காரர். ஆனால் கூலி உயர்வது அங்கே இல்லை. திருச்சி திருவெறும்பூர் பக்கம் பாய்லர் குழாய் வேலைக்கோ வளைகுடாவுக்கோ போக வேண்டும் என்றால் 6ஜி தேர்வு: குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள், நீங்கள்தான் சுற்றிச் சுற்றி வளைந்து பற்றவைக்க வேண்டும், அப்புறம் எக்ஸ்ரே எடுத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைப் பழக வருடங்கள் ஆகும். எனக்கோ கிட்டப் பார்வை இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. மாஸ்க்குக்குள் ரீடிங் கிளாஸ் போட்டால் ஆவி படிகிறது, போடாவிட்டால் உருகும் இடமே தெரியவில்லை. அன்று பக்கத்து ஆள் பற்றவைத்த வெளிச்சம் பட்டு, ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் கிடந்தேன். வெல்டிங் அன்றோடு முடிந்தது.

வயரிங்தான் என் முதல் ஆசை. 60 வயதிலும் செய்யலாம், மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஏன் விழுகிறது என்று அறை அறையாகத் தேடுவது கணக்கில் தப்பு தேடுவது போலவே இருந்தது. ஐடிஐ படிக்காதவருக்கும் வழி இருக்கிறது: ஐந்து வருட அனுபவம் காட்டினால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு எழுதலாம், 21 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. அந்த ஐந்து வருடம்தான் இடிக்கிறது. அதுவரை சுவரை வெட்டிப் பைப் புதைப்பதும் வயர் இழுப்பதும்தான். வேலையை நாம் செய்வோம், லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போட்டு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். புது வீட்டு வேலையில் பணம் தளம், பூச்சு, பெயின்ட் என்று கட்டம் கட்டமாக வரும், அதாவது கட்டிடக்காரர் கொடுக்கும்போது வரும்.

ஏசி வேலையில் அன்றைய காசு அன்றே. சென்னையில் மார்ச் முதல் ஜூன் வரை தலை நிமிர முடியாது, ஐப்பசி மழையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாட்டர் சர்வீஸ் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடுகிறது, கெபாசிட்டர் போனதைக் கண்டுபிடிப்பது அடுத்த படி. அதற்கு மேல் சுலபமில்லை. பழைய ஆர்22 கேஸைவிட ஆர்410ஏ கேஸில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல், ஆர்32 தீப்பற்றக்கூடியது, ஆனாலும் கசிவைப் பார்க்காமல், வேக்கம் போடாமல் (குழாயில் உள்ள காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். ஒழுங்காகச் செய்கிறவனுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று தோன்றியது அதனால்தான். பயமும் உண்டு: மூன்றாம் மாடிச் சன்ஷேடில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் நின்றுகொண்டு, முப்பது கிலோ அவுட்டோர் யூனிட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏசி சொல்லித்தருகிற பையனுக்கு 24 வயது. "அண்ணா, அந்த ஸ்பேனரை எடுங்கண்ணா" என்று மரியாதையாகத்தான் சொல்வான், ஆனால் நாள் முழுக்கச் சொல்வான். வயரிங் மேஸ்திரி என்னைவிடப் பெரியவர், அவருக்கு நான் "யோவ்"தான். யோசித்துப் பார்த்தால் அந்த "யோவ்" எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த "அண்ணா"வுக்குப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முடிவு ஏசி. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, பிப்ரவரியோடு அலுவலகத்துக்கு முழுக்கு. மழைக்காலத்தில் மேஸ்திரியிடம் வயரிங்குக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறேன், அனுபவக் கணக்கு அங்கே ஓடட்டும். குடும்பப் பொறுப்பு இல்லாத, கண் நன்றாக உள்ள முப்பது வயதுக்காரர் என்றால் வெல்டிங்குக்கே போகச் சொல்வேன். வேக்கம் பம்ப் இன்னும் வாங்கவில்லை, சொல்லித்தருகிற பையனுடையது இருக்கிறது, பெல்ட்டை மட்டும் வாங்கிவிட்டேன்.